மச்சு அறையின் தெற்குச் சுவர்

ஐப்பசி 10, திங்கள்

விடியலிலிருந்தே தூறல். மிளகுக் காட்டுப் பக்கம் பனிமூட்டம், எதிர் வீடுகூடத் தெரியவில்லை. அங்கன்வாடிக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். சத்துமாவு மூட்டையை ஈரம் படாமல் பெஞ்சின் மேல் ஏற்றி வைத்தேன்.

நேற்று எழுத விட்டுப்போனது. திவ்யாவின் அம்மா போன் செய்தார். தையில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம், நகை, சீர் என்று எதுவும் பேச வேண்டியதில்லை என்றார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அதையும் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைங்க ரெண்டு பேத்துக்கும் தனியா ஒரு ரூம் இருக்குதுங்களா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இல்லை. இருப்பது ஒரு கூடம், ஒரு அறை, சமையல்கட்டு. அறையில் நானும் அவரும். மகன் கோகுல் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் இருக்கிறான், சனிக்கிழமை வந்தால் கூடத்தில் பாய். திவ்யா இங்கே மலை ஆஸ்பத்திரியில் நர்ஸ். இப்போது தினமும் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ்ஸில் ஏறி வருகிறாள். கல்யாணமானால் இங்கேயே இருப்பாள். ஐந்து நாள் அவள் தனியாக. கூடத்தில் மாமனார் முன்னால் எப்படிப் படுப்பாள்?

போனை வைத்ததும் மேலே பார்த்தேன். மச்சு.

ஐப்பசி 11, செவ்வாய்

மழை விட்டு விட்டு.

மச்சு பற்றி அவரிடம் சொன்னேன். ஓட்டுக்குக் கீழே முழு நீளத்துக்கும் இடம் சும்மா கிடக்கிறது. சாமை மூட்டை, பழைய கூடை, உடைந்த கட்டில், அவ்வளவுதான். தரைப் பலகை மாற்றி, ஓட்டைக் கொஞ்சம் உயர்த்தி, ஏணிக்குப் பதில் மரப்படி போட்டால் நல்ல அறை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, செலவு என்ன ஆகும் பார் என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இவர் மச்சில் ஏறி நான் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூட்டை ஏற்றுவது, இறக்குவது எல்லாம் நானும் கூலியாளும்தான். முட்டி வலி என்பார். மிளகுக் கொடிக்கு மரம் ஏறுகிற முட்டிக்கு ஏணியில் மட்டும் வலி.

கைவசம்:
மிளகு விற்றால் வருவது, பாதி (மீதி கல்யாணச் செலவுக்கு).
மகளிர் குழுக் கடன், என் பேரில்.
கோகுல் சேர்த்தது கொஞ்சம்.
ம.குழுவில் அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும்.

ஐப்பசி 13, வியாழன்

கா.பட்டியிலிருந்து பழனி மேஸ்திரி வந்தார். முதல் பஸ். வளைவில் தலை சுற்றி, வந்ததும் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டார். டேப் பிடித்து அளந்தார். ஓடு பாதி மாற்ற வேண்டும், உத்திரம் கெட்டி, பழைய பலாமரம், இன்னொரு தலைமுறைக்கு நிற்கும் என்றார். நீளமான மரம் வாங்கினால் லாரி வளைவில் திரும்பாது, அதனால் துண்டாக அறுத்து மினி லாரியில் இரண்டு நடை. அதற்கு வாடகை தனி.

எழுதிக் கொடுத்தார். பலகை, ரீப்பர், ஓடு, சிமென்ட், மரப்படி, வண்டி வாடகை, கூலி. கூட்டிப் பார்த்தேன். மூச்சு முட்டியது, ஆனால் முடியும்.

கடைசி வரி: "தெற்கு ஜன்னல் புதுப்பித்தல்."

தெற்கில் ஜன்னலே இல்லை. அப்படியே கல் சுவர், மண் பூச்சு. மச்சுக்கு வெளிச்சம் வருவதே வடக்கு மூலையில் உள்ள சின்ன ஓட்டையில்தான். மேஸ்திரி ஏதோ வேறு வீட்டுக் கணக்கைக் கலந்துவிட்டார் என்று நினைத்தேன். போனில் கேட்டதற்கு, "இருக்குதுங்களே அக்கா, அங்கிருந்துதான வெளிச்சம் வருது" என்றார். பஸ் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.

ஐப்பசி 15, சனி

இன்றைக்கு வெயில். துணி எல்லாம் காய்ந்தது. இரண்டாவது கணக்குக்காகச் செம்மேட்டிலிருந்து ஆசாரியை வரச் சொன்னேன். ஒரே ஆளை நம்பக் கூடாது என்று ம.குழுவில் சொன்னார்கள். மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் பழக்கம் கிடையாது, கேட்டுக்கொண்டேன். மேஸ்திரி கொடுத்த காகிதத்தையும் காட்டவில்லை.

ஆசாரி தனியாக ஏறினார். நான் கீழே மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து சொன்னது: பலகைக்கு சில்வர் ஓக் போதும், சொந்தக் காட்டில் இருந்தாலும் வெட்ட அனுமதி வாங்க வேண்டும், அலைச்சல், அதைவிட விலைக்கே வாங்கிவிடலாம். கூலி மேஸ்திரியைவிடக் குறைவு. தரைக்கு இத்தனை, படிக்கு இத்தனை என்று காகிதத்தில் எழுதினார்.

பிறகு, தெற்கு ஜன்னல் என்று ஒரு வரி எழுதி, கதவு ஒற்றையா இரட்டையா என்று கேட்டார்.

என்ன ஜன்னல் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பலகை மேல வெளிச்சம் சதுரமா வுழுந்து கெடக்குதுங்களே. ஜன்னல் இல்லாம எப்படீங்க வுழும்?"

என்னோடு மறுபடி ஏறினார். சுவர்தான். பூச்சில் வெடிப்புகூட இல்லை. பலகையில் வெளிச்சமும் இல்லை. ஆசாரி சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரல் கணுவால் தட்டினார். மற்ற இடத்தில் கல்லின் சத்தம். ஓரிடத்தில் மட்டும் கும்மென்று. தட்டியதும் உள்ளே ஏதோ பொடி சரிந்து இறங்குகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. மணல் கொட்டுகிறதுபோல. ஆசாரி கையை எடுத்துவிட்டார்.

அட்வான்ஸ் நீட்டினேன். பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

ஐப்பசி 16, ஞாயிறு

கோகுல் வந்திருக்கிறான். ஆட்டுக்கறி. இரண்டு கணக்கையும் அவனும் நானும் ஒட்டிப் பார்த்தோம். ஆசாரிக்கு மரவேலை, மேஸ்திரிக்கு ஓடும் சுவரும் என்று பிரித்துக் கொடுத்தால் கொஞ்சம் மிச்சம். அவன் போனில் கணக்குப் போட்டான், நான் விரலில். அவனுக்கு முன்னால் எனக்கு வந்துவிட்டது.

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பேனா கேட்டார். ஜன்னல் என்று எழுதியிருந்த வரியை இரண்டு காகிதத்திலும் அடித்தார். மெதுவாக இல்லை. காகிதம் கிழிந்தது.

"தெக்குச் செவுத்துல கை வெக்கக் கூடாது."

காத்து வேண்டாமா என்று கோகுல் கேட்டான். நாலு கண்ணாடி ஓடு போட்டால் வெளிச்சத்துக்கு ஆயிற்று, செலவும் குறைவு என்றார். அதுவும் சரிதான், கண்ணாடி ஓடு மலிவு. ஆனால் ஜன்னல் வேண்டும் என்று யாரும் இவரிடம் கேட்கவில்லையே. இருவர் தாமாக எழுதியதற்கு இவருக்கு ஏன் இத்தனை கோபம்?

மதியம் தூங்கவில்லை. வீட்டுக்குத் தெற்கே போய் வெளிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பிறகு போய்ப் பார்த்தேன். மேலே ஓரிடத்தில் பூச்சு சற்றுத் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். கீழே ஒரு பழைய மரத்தின் அடிக்கட்டை. இதுவரை அது என்ன மரம் என்று கேட்டதில்லை.

ஐப்பசி 18, செவ்வாய்

பனி. ஒரே பனி. பிள்ளைகளுக்குச் சளி. இரண்டு பேருக்கு எடை குறைவு, பதிவில் எழுதினேன்.

கரண்ட்காரர் வயரிங் கணக்குக்கு வந்தார். மேலே இரண்டு லைட், ஒரு பேன், ஒரு பிளக். தெற்குப் பக்கம் லைட் வேண்டியதில்லை, அங்கே வெளிச்சம் இருக்கிறது, ஒரு பாயின்ட் செலவு மிச்சம் என்றார். சரி என்றேன்.

அவர் போனபின் நானே ஏறினேன். நடுப்பகல், ஆனால் வெளியே சூரியனே இல்லை, பால் மாதிரி மூட்டம். மூட்டைகளைத் தாண்டிப் போனேன்.

இருந்தது. தெற்குச் சுவரின் கீழே பலகையில், தலையணை அளவுக்கு, மங்கலான வெளிச்சம். ஓரம் நேராக, சதுரமாக. நடுவில் குறுக்கே கோடு கோடாக நிழல், ஜன்னல் கம்பி விழுவதுபோல. கையை நீட்டினேன். கை மேல் விழுந்தது. சூடு இல்லை. அண்ணாந்து பார்த்தேன், ஓட்டில் சந்து இல்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தேன், சுவர்தான்.

குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பி நிழலுக்குக் குறுக்கே ஏதோ அசைந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சற்று நகர்ந்து உட்கார்ந்தால் எப்படி அசையுமோ அப்படி.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கால் பெருவிரல் நகம் பெயர்ந்திருக்கிறது. மஞ்சள் வைத்தேன்.

அவரிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 20, வியாழன்

வாங்க: மஞ்சள் தூள், சோப்பு, தீப்பெட்டி, கோகுலுக்குச் சட்டைத் துணி.

ம.குழுக் கடன் கிடைத்தது. கையெழுத்துப் போட்டாயிற்று. இனிப் பின்வாங்க முடியாது.

ஐப்பசி 22, சனி

திவ்யா ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். யூனிபாரத்தோடு. இது முறை இல்லைதான், நானேதான் வரச் சொன்னேன். இருக்கப்போகிறவள் அவள், அறை எப்படி வேண்டும் என்று அவளே சொல்லட்டும். புளிக்குழம்பு, முட்டை. நன்றாகச் சாப்பிட்டாள். வெட்கப்படாத பெண். எனக்குப் பிடித்திருக்கிறது.

சாப்பிட்டுவிட்டு ஏணியில் ஏறினாள். பிடித்துக்கொள்ள நான் கீழே நின்றேன். அவர் கூடத்தில் மிளகுச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து அவள் குரல்.

"அத்தை, இந்த ஜன்னல எதுக்குச் சாத்தி வெச்சிருக்கீங்க? வெளிய யாரோ தட்டறாங்க பாருங்க."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. மழைச் சத்தம் மட்டும்.

திரும்பினேன். அவர் எழுந்து நின்றிருந்தார். கோணி ஊசி உள்ளங்கையில் ஏறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். திவ்யாதான் இறங்கி வந்து ஊசியை எடுத்து, கழுவி, துணி சுற்றினாள். டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள் மாமா என்றாள். கையைக் கொடுத்துக்கொண்டு குழந்தைபோல உட்கார்ந்திருந்தார்.

அவள் போனபின் அவர் குடையை எடுத்துக்கொண்டு மிளகுக் காட்டுக்குப் போனார். நான் நேரே நங்கையா வீட்டுக்குப் போனேன். அவருடைய அக்கா. இரண்டு வளைவு கீழே வீடு. மழை விட்டதும் கொய்யா பறித்துக்கொண்டிருந்தார். தெற்குச் சுவரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

கொய்யாவைக் கீழே வைத்துவிட்டு, "சேகரு" என்றார்.

சேகர் என்று இவருக்கு ஓர் அண்ணன் இருந்தது எனக்குத் தெரியும். சின்ன வயதிலேயே வெளியூர் போய்விட்டான் என்பார்கள். கல்யாணத்தின்போதும் அப்படித்தான் சொன்னார்கள். கேரளா என்று நானே நினைத்துக்கொண்டேன்.

நங்கையா சொன்னது:

மச்சில் ஜன்னல் இருந்தது. வெளியே அதை ஒட்டிப் பலாமரம். அண்ணனும் தம்பியும் மச்சில்தான் படுப்பார்கள். சேகருக்கு மலையில் இருப்பு கொள்ளவில்லை. லாரியில் கிளீனராகப் போக வேண்டும் என்று ஒரே பிடி. மாமனார் அடித்தார். ஒரு நாள் ஜன்னல் வழியாக மரத்தில் இறங்கிக் கா.பட்டிக்குப் போய் லாரி ஏறிவிட்டான். மறுநாளே மாமனார் ஜன்னலைக் கல்லும் மண்ணும் வைத்து அடைத்தார். தானே அடைத்தார். யாரையும் தொட விடவில்லை.

கொஞ்ச நாளில் அடைமழை. சேகர் திரும்பி வந்தான். வாசலில் கூப்பிட்டான். யாரும் திறக்கக் கூடாது என்று மாமனார் கதவுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மரத்தில் ஏறினான். மேலே இலை முறிகிற சத்தம் கீழே நங்கையாவுக்குக் கேட்டது. பிறகு தட்டுகிற சத்தம். விடிய விடிய. விடிந்து பார்த்தால் ஆள் இல்லை. மாமனார் வெளியில் சாரம் கட்டிப் பூசினார். மரத்தையும் வெட்டினார். சேலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக யாரோ ஒருமுறை சொன்னார்கள். மாமனார் போகவில்லை. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

நான் வரும்போது நங்கையா கையைப் பிடித்துக்கொண்டார். "அவனக் கேக்காத அம்மிணி. நாங்கெல்லாம் கீழ இருந்தோம். அவன் மேல இருந்தான்."

ஐப்பசி 24, திங்கள்

கேட்கவில்லை. இரண்டு நாளாகச் சாக்குத் தைக்கவில்லை, காட்டுக்குப் போகவில்லை. கை வீக்கம் குறைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் திவ்யாவே ஊசி போட்டாள்.

வேலை தொடங்க மேஸ்திரிக்கு நாள் சொல்ல வேண்டும். ஜன்னல் இல்லாமல் என்று சொல்வதா? கண்ணாடி ஓடு நாலு, விலை விசாரித்தேன். அறையே வேண்டாம், கூடத்தில் தட்டி மறைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த வெளிச்சத்தில் நாளைக்கு ஒரு குழந்தையைப் படுக்க வைப்பார்களே.

காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"எம் பேரச் சொல்லித்தான் கூப்புட்டான். அப்பனக் கூப்புடல. கதவு தெறக்க மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். மண்ணு அப்ப ஈரம். உள்ளாரயிருந்து ஒரு கல்லத் தள்ளியிருந்தாப் போதும். அப்பன் கதவுகிட்ட, ஏணிக்குக் கீழதான் படுத்திருந்தாரு. நான் போர்வைய வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன்."

காபி ஆறிவிட்டது. குடிக்கவில்லை. வேறு போட்டுக் கொடுத்தேன்.

பிறகு வெகுநேரம் கழித்து: "மேஸ்திரிய வரச் சொல்லு புள்ள."

ஐப்பசி 27, வியாழன்

மழை இல்லை. காற்று. அங்கன்வாடிக்கு லீவு சொன்னேன்.

பழனி மேஸ்திரியும் ஒரு கொத்தனாரும். வெளியே சாரம் கட்டினார்கள். அவர் ஏணியில் கால் வைத்தார். ஏறினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. மேலே போனதும் நேரே அந்த இடத்துக்குப் போய் நின்றார், இருட்டில் தடுமாறாமல். பலகையில் இன்றைக்கு வெளிச்சம் இல்லை.

கடப்பாரையை மேஸ்திரியிடமிருந்து வாங்கி அவரே முதல் குத்து. அதற்குமேல் கட்டுப்போட்ட கையால் முடியவில்லை, மேஸ்திரி பார்த்துக்கொண்டார். உட்பக்கக் கல் ஒரு வரிசை எடுத்ததும் நின்றுவிட்டார். உள்ளே பொந்து. சுவரின் நடுவில், ஒரு ஆள் தலையும் தோளும் நுழைகிற அளவுக்கு. உதிர்ந்த மண் அடியில் குவிந்து கிடந்தது. எலி என்றார் கொத்தனார். மேஸ்திரி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எலி இல்லீங்க. வெளியிலிருந்து ஆரோ நோண்டியிருக்காங்க. அதுக்கு மேல வெளிப்பக்கம் அடைச்சுப் பூசியிருக்குது."

நானும் பார்த்தேன். பொந்தின் உள்பக்கத்தில் மண் இறுகிக் கல்லாகியிருந்தது. அதில் கோடுகள். நாலு நாலாக. மேலிருந்து கீழே இழுத்த விரல் தடம். மண் ஈரமாக இருந்தபோது பதிந்தது, அப்படியே இருக்கிறது. கடைசித் தடத்துக்கும் நாங்கள் எடுத்த கல்லுக்கும் நடுவில் மண் ஒரு சாண்கூட இல்லை. இவர் படுத்திருந்த பாய்க்கு நேர் எதிரே.

அவர் பொந்துக்குள் கையை விட்டார். தன் விரல்களை அந்தக் கோடுகளில் வைத்தார். சரியாகப் பொருந்தின. அப்படியே வைத்துக்கொண்டு இருந்தார். மேஸ்திரி தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். நான் இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு மேல் வெளிப்பக்கத்தையும் உடைத்தார்கள். வெளிப்பூச்சில் ஓர் ஊசி நுழையச் சந்து இல்லை. அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று மேஸ்திரியிடம் கேட்டேன். தெரியவில்லைங்க அக்கா என்றார், அவ்வளவுதான்.

கல் எல்லாம் இறங்கியபின் பழைய ஜன்னல் நிலை அப்படியே இருக்கிறது. பலாமரம், செல் அரிக்கவில்லை. கம்பி மட்டும் துரு. நிலைச் செலவு மிச்சம்.

விரல் தடம் பட்ட மண்கட்டியை அவர் யாரையும் கொட்ட விடவில்லை. முறத்தில் வாங்கி, மிளகுக் காட்டில் ஒரு மரத்தடியில் தானே கொண்டுபோய்ப் போட்டு மூடினார்.

கார்த்திகை 1, திங்கள்

பலகை முழுக்க வந்து சேர்ந்தது. இரண்டு நடை என்றார்கள், மூன்று ஆகிவிட்டது. வாடகை கூடுதல். ஆசாரியும் சனிக்கிழமையே வந்துவிட்டார், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். கண்ணாடி ஓடு தேவையில்லை, அந்தப் பணம் படிக்கு.

ஜன்னல் வழியாக இப்போது சாதாரண வெளிச்சம் வருகிறது. காலையில் மஞ்சளாக, மதியம் வெள்ளையாக. கீழே மிளகுக் காட்டுக்குள் போகிற ஒற்றையடி வழி முழுக்கத் தெரிகிறது.

அவர் இப்போது தினமும் மேலே ஏறுகிறார். ஆசாரிக்குப் பலகை பிடித்துக் கொடுக்கிறார். நேற்றுச் சிரித்தார்கூட. ஜன்னலுக்குக் கதவு வேண்டாமா என்று ஆசாரி கேட்டதற்கு, வைக்கலாம், கொக்கி வேண்டாம் என்றார். கொக்கி இல்லாமல் காற்றில் அடிக்காதா என்றேன். அடிக்கட்டும் என்றார்.

கோகுலுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா, தெரியவில்லை.

கார்த்திகை 7, ஞாயிறு

தூறல், பனி.

இன்று திவ்யாவின் அப்பா, அம்மா வந்தார்கள். பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச. கேசரி, மிளகுப் போண்டா. கேசரியில் முந்திரி அதிகம், கோகுல் வேலை. அவர்கள் பூர்வீகமும் இந்த மலைதான், அப்பா காலத்தில் இறங்கிப் போய்க் கா.பட்டியில் வீடு கட்டிக்கொண்டவர்கள். மலைமேல் குண்டனி நாட்டு ஊர்களில் யார் யாருக்கு என்ன உறவு என்று ஆண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சம்பந்தியம்மாவை மேலே கூட்டிப்போனேன். புதுப்படி. பலகைக்கு இன்னும் பாலீஷ் போடவில்லை என்றேன். நல்லா இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க என்று சுவரைத் தடவிக்கொண்டே போய் ஜன்னலில் நின்றார். காற்று நன்றாக வந்தது. அவருக்கு மனது நிறைந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது.

"அந்த வழியில ஆரோ வர்றாங்க பாருங்க. குடையில்லாம நனைஞ்சுக்கிட்டு. உங்க ஆளுங்களா?"

நான் எட்டிப் பார்த்தேன். வழி வெறுமையாக இருந்தது. மூட்டம் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தது. அந்த மரத்துகிட்ட, இப்பத்தான் நின்னாங்க என்றார்.

புதுப் பலகை, சந்து வழியாகக் கீழே எல்லாம் கேட்கும். கீழே பேச்சு நின்றது. நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு அவர் வெளியே போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவரும் குடை எடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டாமல், ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் போனார்.

அந்த மரத்தருகே நின்றார். நெடுநேரம் நின்றார். அங்கே வழி குறுகல், ஒரு ஆள்தான் நடக்கலாம். பிறகு ஓரமாகக் காபிச் செடிக்குள் ஒதுங்கினார். எதிரே வருகிறவருக்கு வழிவிடுவதுபோல. தலையை மெல்லத் திருப்பினார், யாரோ தாண்டிப் போவதைப் பார்ப்பதுபோல. அப்புறம் வழியில் ஏறி, ஒரு ஆள் இடைவெளி விட்டு, பின்னாலேயே வீட்டைப் பார்த்து வந்தார். முன்னால் போகிறவர் களைத்திருந்தால் எப்படிக் கூடவே மெதுவாக நடப்போமோ அப்படி நடந்தார்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. இறங்கினேன்.

வாசலில் நின்றுகொண்டிருந்தார், தண்ணீர் சொட்டச் சொட்ட. முகம் தெளிவாக இருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. துண்டு கொண்டா புள்ள என்றார். கொடியிலிருந்து காய்ந்த துண்டாக எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாங்கவில்லை. தலையை அசைத்து, தன் பக்கத்தில் காட்டினார்.

கூடத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீட்டினேன்.